ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்த கடலோடிகள்: முக்கியக் குறிப்புகள்

முதன்மைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் ‘ஐரோப்பியர் வருகை’யை ஒரு நோட்டிலும் ‘மைசூர்ப் போர்க’ளை இன்னொரு நோட்டிலும் எழுதி வைப்பார்கள். இரண்டும் சந்திக்கும் ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். மங்களூர்க் கடற்கரையிலிருந்து சுமார் 250 கி.மீ. உள்ளே, காவிரி நடுவே கிடக்கும் தீவுக் கோட்டை அது. அங்கே கப்பல் வர வழியில்லை. கப்பலில் வந்தவர்கள் வந்தார்கள்: கைதிகளாக, பாதிரிமாராக, கூலிப்படையாக, கடைசியில் தூதன் என்று பொய் சொல்லிக்கொண்டும். அந்த வருகைகளைக் கால வரிசையில் கீழே தொகுத்திருக்கிறேன். உலக வரலாற்றில் இதற்கு நல்ல ஒப்பீடு ஜப்பான். அதையும் நடுவில் சேர்த்துப் படித்துவிட்டால் பத்து மதிப்பெண், பதினைந்து மதிப்பெண் விடைகளில் கைகொடுக்கும்.

இடமும் காலமும்

• இன்றைய நிர்வாகத்தில் மாண்டியா மாவட்டம். மைசூருவிலிருந்து சுமார் 15 கி.மீ. ‘எந்த மாவட்டம்’ என்ற கேள்விக்கு மைசூரு என்று குறித்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

• 1610: ராஜா உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து கோட்டையைப் பெற்றுத் தலைநகராக்கினார். 1799 வரை இதுவே தலைநகர்.

• 1761: ஹைதர் அலி ஆட்சி அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1763-ல் பிதனூர் (கெளதி நாயக்கர் நாடு) வீழ்ந்தது. அத்துடன் மங்களூர்த் துறைமுகமும் மைசூருக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கடல் வரலாறு உண்மையில் இந்த ஆண்டில்தான் தொடங்குகிறது.

• நான்கு போர்கள், நான்கு முடிவுகள்: 1767–69 (சென்னை உடன்படிக்கை), 1780–84 (மங்களூர் உடன்படிக்கை), 1790–92 (ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை), 1799 (ஹைதரின் மகன் திப்புவின் மரணம், மே 4). இது எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விரித்து எழுதவில்லை.

ஹைதருக்கு முன்னும் ஹைதர் காலத்திலும்

• 1640-களின் இறுதியில் லியோனார்டோ சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து மைசூர் மிஷனைத் தொடங்கினார். அப்போது அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659). கண்டீரவ பணம் என்ற நாணயத்தை வெளியிட்டவர் இவரே. மதுரை மிஷனுக்கு ராபர்ட் டி நொபிலி என்றால் மைசூர் மிஷனுக்குச் சின்னாமி. இணை சேர்க்கும் கேள்விக்கு ஏற்றது.

• 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வேலையிழந்த பிரெஞ்சுப் படைவீரர்களும் கைவினைஞர்களும் ஹைதரிடம் சேர்ந்தார்கள். மைசூர்ப் படை ஐரோப்பிய முறைப் பயிற்சி பெற்றதில் இவர்களின் பங்கு பெரிது.

• 1779: பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மாஹேயை ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஹைதருக்குத் துப்பாக்கியும் தளவாடமும் வந்து இறங்கிய துறை அது. இரண்டாம் மைசூர்ப் போருக்கு உடனடிக் காரணம் கேட்டால் மாஹே. இந்தப் போருக்கான தூண்டுதல் ஒரு துறைமுகம் என்பதைக் கவனியுங்கள்.

• 1780 செப்டம்பர் 10, பொள்ளிலூர் (காஞ்சிபுரம் அருகே): கர்னல் வில்லியம் பெய்லியின் படை சிதைந்தது. மைசூர் ராக்கெட்டுகளில் ஒன்று ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டியைப் பற்றவைத்தது என்பது வழக்கமான விவரிப்பு. பிடிபட்ட பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். உடன் பிடிபட்ட கேப்டன் டேவிட் பெயர்டு மூன்றரை ஆண்டு விலங்கில் கிடந்து 1784-ல் விடுதலையானார். 1799 மே 4 அன்று கோட்டை மதில் உடைப்பின் வழியே படையை உள்ளே நடத்தியவர் அதே பெயர்டு.

• ‘பெய்லி நிலவறை’ இன்று தொல்லியல் சின்னம். ரங்கநாதசுவாமி கோயிலுக்கு அருகில், தரைமட்டத்துக்குக் கீழே, செங்கல் வளைவுக் கூரையுடன் இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகளில் துளைகள் உண்டு. கைதிகளின் கைகளைச் சங்கிலியால் பிணைக்க என்கிறார்கள். உள்ளே ஒரு பீரங்கி கிடக்கிறது. 1799 முற்றுகையில் மேலிருந்து கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததாம்.

ஹானிபல் கப்பல் மாலுமிகள், 1782

பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. கேள்வி வருகிறதோ இல்லையோ, படிக்கத் தகுந்தது.

• பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் 1782–83-ல் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்டு ஹியூஸுடன் நம் கடலில் ஐந்து போர்கள் நடத்தினார்: சதுரங்கப்பட்டினம் (1782 பிப்ரவரி), இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் புரொவிதியன் (ஏப்ரல்), நாகப்பட்டினம் (ஜூலை), திருகோணமலை (செப்டம்பர்), கடலூர் (1783 ஜூன்). ஐந்துமே தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்த கரைகளை ஒட்டியவை. குரூப் 1 தேர்வருக்கு இந்த ஐந்து பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

• 1782 ஜனவரியில், இந்தியாவுக்கு வரும் வழியில், ‘ஹானிபல்’ என்ற 50 பீரங்கி ஆங்கிலேயப் போர்க்கப்பலைச் சுஃப்ரேன் பிடித்தார். கப்பலைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்த மாலுமிகளை வைத்துச் சோறு போடத்தான் வழியில்லை. கைதிகளைப் பரிமாறிக்கொள்ளச் சென்னையுடன் நடந்த பேச்சு பலிக்கவில்லை. அந்த ஆண்டின் நடுவில், நூற்றுக்கணக்கான ஆங்கிலேய மாலுமிகளைக் கடலூரில் கரையிறக்கி, ஹைதரின் ஆட்களிடம் ஒப்படைத்தார். ஒரு கிறிஸ்தவ நாட்டுத் தளபதி இப்படிச் செய்யலாமா என்று லண்டனில் அப்போது பெரும் கூச்சல். உண்மையில் சுஃப்ரேனுக்கு இருந்த தேர்வுகள் குறைவு. சென்னை அரசு ஒத்துக்கொண்டிருந்தால் அந்தப் பையன்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

• ஹைதரும் சுஃப்ரேனும் நேரில் சந்தித்தது அதே 1782 ஜூலை இறுதியில், கடலூர்ப் பக்கம். சுஃப்ரேன் மிகப் பருத்த உடம்புக்காரர். சம்மணமிட்டுத் தரையில் உட்கார முடியாமல் அவர் படும் பாட்டைப் பார்த்து, ஹைதர் மெத்தைகளை வரவழைத்து, மரியாதை முறையைப் பாராமல் வசதிப்படி உட்காரச் சொன்னார் என்று பிரெஞ்சுக் குறிப்புகள் சொல்கின்றன.

• கைதிகள் கடலூரிலிருந்து பெங்களூருவுக்கு நடத்தியே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவர்கள் தனியே பிரிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டாயச் சுன்னத்து, மதமாற்றம், புதுப்பெயர், பிறகு ‘சேலா’ எனப்பட்ட அடிமைப் படைப்பிரிவில் பயிற்சி.

• அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஸ்கர்ரி. பதின்வயதுக் கப்பல் பையன். 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி எல்லாக் கைதிகளும் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர்டு போன்ற அதிகாரிகள் வெளியே வந்தார்கள். ஸ்கர்ரி போன்ற பையன்கள் வரவில்லை. மூன்றாம் மைசூர்ப் போர்க் குழப்பத்தில்தான் அவர் தப்பினார். அவருடைய சிறைக் கதை 1824-ல் லண்டனில் நூலானது. கன்னட நாட்டில் வளர்ந்து ஆளான அந்த ஆங்கிலேயருக்கு நாற்காலியில் உட்காரவோ கத்தி, முள்கரண்டி பிடித்துச் சாப்பிடவோ வரவில்லை, தாய்மொழியும் தடுமாறியது. சம்மணமிட முடியாத தளபதி கடலூரில் கொடுத்துவிட்டுப் போன பையன், நாற்காலி மறந்தவனாகத் திரும்பினான்.

• நடுநிலை விடைக்கு: இந்தச் சிறைக் கதைகள் திப்புவைக் கொடுங்கோலராகக் காட்ட ஆங்கிலேயருக்குப் பெரிதும் பயன்பட்டன. அதனால் அவற்றில் உள்ள துன்பம் பொய்யாகிவிடாது. அவற்றை மட்டும் வைத்துத் திப்புவை எடைபோடுவதும் சரியாகாது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

• 1783-ல் நடந்த இன்னொன்று. ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் சமாதானம் பேசி முடித்த செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூருக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்புகூட இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் நின்ற பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. திப்புவைக் கேட்டு யாரும் சமாதானம் செய்யவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கடல் வழிச் செய்தி தாமதமாகவும் பிறர் வாய்மொழியாகவும்தான் வந்தது. பிற்பாடு நேர்ந்த கேட்டின் வேர் இங்கே இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு: ஜப்பான்

• 1543: சீனக் கப்பல் ஒன்றில் வந்த போர்த்துக்கீசியர் தனேகஷிமா தீவில் இறங்கினர். ஜப்பானில் கால்வைத்த முதல் ஐரோப்பியர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் இவர்களே. தீவின் இளம் தலைவர் தொக்கிதாக்கா அவர்களின் திரித்துப்பாக்கிகள் இரண்டை வாங்கிக் கொல்லரிடம் கொடுத்தார். சில பத்தாண்டுகளில் ஜப்பானியப் போர்க்களமே மாறிவிட்டது.

• தூய பிரான்சிஸ் சேவியர்: 1542-ல் கோவா, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்கள், 1549 ஆகஸ்ட் 15-ல் ஜப்பானின் ககோஷிமா. அவரை அங்கே அழைத்துச் சென்றவர் அஞ்சிரோ. கொலைக் குற்றத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிப் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏறியவர். மலாக்காவில் சேவியரைச் சந்தித்து, 1548-ல் கோவாவில் ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவில் கால்வைத்ததாகப் பெயருடன் பதிவான தொடக்க கால ஜப்பானியர்களில் ஒருவர்.

• 1582-ல் நாகசாகியிலிருந்து நான்கு ஜப்பானியச் சிறுவர்கள் ரோமுக்குத் தூது போனார்கள். கோவா, கொச்சி வழியாக. 1585-ல் போப் பதின்மூன்றாம் கிரகோரியைச் சந்தித்து, 1590-ல் ஊர் திரும்பினர். கீழே வரும் திப்புவின் பாரிஸ் தூதுக்குழுவுக்கு இருநூறு ஆண்டு முந்தியது.

• 1600 ஏப்ரல்: டச்சுக் கப்பல் ‘லிஃப்டே’ பங்கோ கரையில் ஒதுங்கியது. உயிரோடு இருந்தவர் இருபத்துச் சொச்சம் பேர். கப்பலின் வழிகாட்டி வில்லியம் ஆடம்ஸ் ஓர் ஆங்கிலேயர். “இவர்கள் கடற்கொள்ளையர், கொன்றுவிடுங்கள்” என்ற பொருளில் இயேசு சபையார் தொக்குகவா இயெயாசுவிடம் சொன்னார்கள். அவர் கொல்லவுமில்லை, உடனே நம்பவுமில்லை. ஆடம்ஸைப் பலமுறை அழைத்துத் தானே விசாரித்தார்: எந்த நாடு, யாரோடு சண்டை, எந்த வழியாக வந்தீர்கள் என்று. பிறகு கப்பல் கட்டச் சொன்னார், நிலம் கொடுத்தார். ஆடம்ஸ் 1620-ல் ஹிராடோவில் இறந்தார்.

• 1609-ல் டச்சுக்காரரும் 1613-ல் ஆங்கிலேயரும் ஹிராடோவில் பண்டகசாலை திறந்தனர். ஆங்கிலேயர் 1623-ல் தாங்களாகவே மூடிவிட்டுப் போனார்கள். 1637–38 ஷிமபாரா கிளர்ச்சிக்குப் பின் 1639-ல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல் டச்சுக்காரருக்கு நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவு மட்டும்.

• தெஜிமாவில் ஒரு நிபந்தனை இருந்தது, அதுதான் நமக்கு முக்கியம். கப்பல் வந்ததும் டச்சுக்காரர்கள் வெளியுலகச் செய்தி அறிக்கை ஒன்றை அரசுக்குக் கொடுக்க வேண்டும். சீனக் கப்பல்களிடமும் செய்தி கேட்கப்பட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்பார்க்கலாம். இந்த டச்சுக் கப்பல்களில் போன சரக்குகளில் சோழமண்டலக் கரைத் துணியும் உண்டு. பழவேற்காடு அந்த வணிகத்தின் தலைமையிடமாக இருந்த ஊர்.

• ஜப்பானை ‘மூடிய நாடு’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஐரோப்பியருக்குக் கதவு ஒன்றே, அந்தக் கதவில் காவல் இருந்தது.

திப்பு கடலை நோக்கித் திரும்பியது

‘திப்புவுக்குக் கடலின் அருமை தெரியவில்லை’ என்று சில கையேடுகளில் இருக்கிறது. தவறான கூற்று. கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

• 1786: குலாம் அலி கான் தலைமையில் ஒரு தூதுக்குழு மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு மஸ்கட், பாஸ்ரா வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிள் சென்றது.

• 1787–89: முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான் ஆகிய மூவர் புதுச்சேரியில் கப்பலேறி 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினர். 1788 ஆகஸ்ட் 10-ல் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். கேட்டது படை உதவி. கிடைத்தது உபசாரம், சில கைவினைஞர்கள், பீங்கான் பரிசுகள். மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி. தர்வேஷ் கானின் உருவத்தை விஜே லெ ப்ரன் என்ற புகழ்பெற்ற பெண் ஓவியர் தீட்டியிருக்கிறார்.

• மஸ்கட்டில் மைசூர் அரசின் வணிகச்சாலை இயங்கியது. மிளகு, சந்தனம், அரிசி போயின.

• 1792 உடன்படிக்கையில் பாதி நாடும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதமும், பிணையாக இரு மகன்களும் போயினர். மலபார்க் கரை, குடகு, திண்டுக்கல், பாராமகால் கம்பெனிக்குச் சென்றன. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதித் தேர்வர்களுக்குப் பாராமகால் சொந்த ஊர் வரலாறு. மங்களூர் திப்புவிடமே நின்றது.

• 1796: 20 பெரிய போர்க்கப்பல், 20 ஃபிரிகேட் என 40 கப்பல் கட்டத் திப்பு ஆணையிட்டார். திட்டம் முழுமை பெறுவதற்குள் ஆட்சி முடிந்தது.

• ராக்கெட்: மைசூரின் சிறப்பு இரும்புக் குழாய். காகித அல்லது மூங்கில் குழாயைவிட அதிக அழுத்தம் தாங்கும், தூரம் போகும். 1799-க்குப் பின் இங்கிலாந்துக்குப் போன மாதிரிகளைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை வடிவமைத்தார். தனேகஷிமாவில் ஐரோப்பியக் கருவியை ஆசியர் படியெடுத்தார்கள். இங்கே திசை மாறியது.

ரிப்போ, 1797

• 1797 தொடக்கத்தில் மொரீஷியஸிலிருந்து (அன்று பிரெஞ்சுத் தீவு) வந்த ஒரு தனியார் போர்க்கப்பல் சேதமடைந்து மங்களூரில் ஒதுங்கியது. கேப்டன் பெயர் பிரான்சுவா ரிப்போ. எதிரிக் கப்பல்களைக் கொள்ளையிட உரிமம் பெற்ற ஆள். அரசுத் தூதர் அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போய் நின்றதும் கதையை மாற்றினார். மொரீஷியஸ் அரசில் தான் பெரிய பதவியில் இருப்பதாகவும், திப்புவுக்கு உதவப் பெரும் பிரெஞ்சுப் படை அங்கே தயாராகக் காத்திருப்பதாகவும் சொன்னார்.

• அமைச்சர்களில் சிலர் இந்த ஆள் பேச்சை நம்ப வேண்டாம் என்று எழுத்திலேயே எச்சரித்தார்கள். அந்தத் தாள்கள் அரண்மனையில் கிடைத்தன. ஆக, திப்புவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஏமாறவில்லை.

• 1797 மே: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள், பட்டியலின்படி 59 பேர், ஒரு குடியரசுச் சங்கம் அமைத்தனர். இதுவே பாடநூல்களில் ‘ஜாக்கோபின் கழகம்’. மே நடுவில் பிரெஞ்சுக் கொடி ஏற்றி, சுதந்திர மரம் நட்டு, அதன் உச்சியில் சமத்துவத் தொப்பி மாட்டினார்கள். ‘குடிமகன் திப்பு’ என்று வாழ்த்தினார்கள். அதே கூட்டத்தில் உலக மன்னர்களுக்கெல்லாம் சாவு என்று சபதம் செய்துவிட்டு, திப்புவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததாக ஆவணம் சொல்கிறது. மன்னராட்சியை ஒழிப்பவர்கள் ஒரு மன்னரின் செலவில் விழா எடுத்தால் வேறென்ன செய்ய முடியும்!

• தேர்வுக்கு விடை: ஆம், திப்பு ஜாக்கோபின் கழகத்தில் உறுப்பினர். கட்டுரை விடைக்கு ஒரு வரி கூடுதலாக: இந்த ஆவணங்கள் 1799-ல் அரண்மனையில் ஆங்கிலேயர் கையில் சிக்கி, அவர்களாலேயே மொழிபெயர்த்து வெளியிடப்பட்டவை, அதனால் சில ஆய்வாளர்கள் இவற்றின் நம்பகத்தன்மையை ஐயுறுகிறார்கள்.

• இயெயாசு ஆடம்ஸை விசாரித்ததையும் திப்பு ரிப்போவை ஏற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். இயெயாசுவுக்கு அவசரம் இல்லை. அவரைக் கடல் வழியாக யாரும் நெருக்கவில்லை. திப்பு பாதி நாட்டை இழந்து, மூன்று பக்கமும் எதிரியை வைத்துக்கொண்டு, உதவி வருமா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நம்ப விரும்பிய ஒருவரிடம் பொய் சொல்வது எளிது.

மலார்டிக் அறிவிப்பும் அதன் விளைவும்

• ஹசன் அலி, ஷேக் இப்ராஹிம் என்ற இரு தூதர்களைத் திப்பு ரிப்போவுடன் மொரீஷியஸுக்கு அனுப்பினார். 1798 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்கள். இரகசியமாகப் பேச வேண்டிய தூது அது.

• கவர்னர் மலார்டிக் அவர்களைப் பீரங்கி முழக்கத்துடன் வரவேற்றார். அனுப்பப் படையில்லை என்பது அவருக்குத் தெரியும். ஜனவரி இறுதியில் ஓர் அறிவிப்பை அச்சிட்டு வெளியிட்டார்: திப்பு ஆங்கிலேயருக்கு எதிராகக் கூட்டணி கேட்கிறார், தொண்டர்கள் சேரலாம். சேர்ந்தவர் சுமார் நூறு பேர்.

• ‘பிரெனூஸ்’ என்ற பிரெஞ்சு ஃபிரிகேட் இவர்களை ஏற்றி வந்தது. வரும் வழியில் தலச்சேரியில் கம்பெனிக் கப்பல்கள் இரண்டைப் பிடித்தது. 1798 ஏப்ரல் 26-ல் மங்களூரில் இறக்கியது. ஷாப்புயி என்ற தரைப்படை அதிகாரியும் துபுக் என்ற கடற்படை அதிகாரியும் இந்தக் குழுவில் முக்கியமானவர்கள். பெரும் படையை எதிர்பார்த்திருந்த திப்புவின் முன் நூறு பேர் வந்து நின்றார்கள்.

• புதிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1798 மே மாதம் கல்கத்தாவுக்கு வந்தார். ஜூன் 8-ல் மலார்டிக் அறிவிப்பு கல்கத்தா நாளிதழ் ஒன்றில் வெளியானது. எதிரியின் இரகசியம் அச்சாகி மேசைக்கு வந்தால் கவர்னர் ஜெனரலுக்கு வேறென்ன வேண்டும்?

• ஆனாலும் ‘மலார்டிக் அறிவிப்பால் நான்காம் போர் வந்தது’ என்று எழுதுவது பாதி விடை. இந்தியாவுக்கு வரும் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோதே வெல்லெஸ்லி பிரெஞ்சுச் செல்வாக்கை ஒழிக்கத் திட்டமிட்டுவிட்டார். அறிவிப்பு அவருக்குக் காரணத்தைக் கொடுத்தது. எண்ணம் முன்பே இருந்தது. என் கணிப்பில், ரிப்போ மங்களூரில் ஒதுங்காமலே இருந்திருந்தாலும் போர் வந்திருக்கும், சற்றுத் தள்ளி.

• 1798 ஆகஸ்ட் 1: நைல் போரில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பல் அணியை அழித்தார். செப்டம்பர் 1: ஹைதராபாத் நிஜாம் துணைப்படை உடன்படிக்கை. அக்டோபர்: ஹைதராபாத்திலிருந்த பிரெஞ்சுப் படைப்பிரிவு கலைப்பு. மூன்று தேதிகளையும் ஒன்றாக மனப்பாடம் செய்தால் 1799 தானாக விளங்கும்.

• 1799 ஜனவரி: கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்புவுக்குக் கடிதம் எழுதினார், ஆங்கிலேய நுகத்திலிருந்து விடுவிக்க வருவதாகவும், நம்பகமான ஒருவரை அனுப்பும்படியும். கடிதம் அரபுக் கரையிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரவேயில்லை.

• 1799 பிப்ரவரி: துபுக் பிரான்சுக்குத் தூதனுப்பப்பட்டார். அவர் கப்பலேறிய இடம் தரங்கம்பாடி; அன்று டேனியர் வசம் இருந்த நடுநிலைத் துறைமுகம். அதே மாதம் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பிவிட்டது. மே 4-ல் எல்லாம் முடிந்தது.

• கோட்டை வீழ்ந்தபோது அகப்பட்ட பொருள்களில் ஒன்று, ஐரோப்பியனைக் கடித்துக் குதறும் மரப்புலி. உள்ளே இசைப்பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அடியில் கிடப்பவன் கையை அசைத்து முனகுவான். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

• பின்விளைவு: மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஐந்து வயதில் அரியணை, திவான் பூர்ணையா, தலைநகர் மைசூருவுக்கு மாற்றம். திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்கு. அங்கே 1806 ஜூலை 10-ல் நடந்தது எல்லாத் தேர்விலும் வரும்.

• 1799-க்குப் பின் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் துப்பாக்கி இல்லாமல் வந்தார்: அபே துபுவா. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தேவாலயம் கட்டினார், மைசூர் நாட்டில் அம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். இந்தியச் சமூக வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பெயர்பெற்றது. இவரையும் மேலே வந்த துபுக்கையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

• ஜப்பானிலும் காவலுக்கு ஒரு சோதனை வந்தது. 1808-ல் ‘ஃபீட்டன்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் டச்சுக் கொடி கட்டி நாகசாகிக்குள் நுழைந்து டச்சு ஆட்களைப் பிடித்துவைத்து உணவும் தண்ணீரும் மிரட்டி வாங்கிப் போனது. தடுக்க முடியாத நாகசாகி ஆளுநர் தற்கொலை செய்துகொண்டார். பொய்க்கொடி அங்கேயும் ஏமாற்றியது. ஆனால் அடுத்து வரவிருந்த சேதத்தை ஜப்பான் நாற்பத்தைந்து ஆண்டு தள்ளிப்போட்டது; 1853-ல் பெர்ரியின் கப்பல்கள் வரும்வரை.

விடைத்தாளில் மாறிப்போகும் இடங்கள்

• ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை 1792, காரன்வாலிஸ் காலம். ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சி 1799, வெல்லெஸ்லி காலம்.

• ஹைதர் இறந்தது 1782 டிசம்பர் 7, சித்தூர் அருகே. போர்க்களத்தில் அல்ல.

• பொள்ளிலூரில் தோற்றவர் பெய்லி. 1781 பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றவர் அயர் கூட்.

• பாரிஸ் தூது 1788, மன்னர் காலம். மொரீஷியஸ் தூது 1798, குடியரசுக் காலம். பத்தாண்டு இடைவெளியில் திப்பு கைகுலுக்கிய பிரான்ஸ் வேறு நாடாகிவிட்டிருந்தது.

• மலார்டிக் அறிவிப்பு 1798 ஜனவரி. நெப்போலியன் கடிதம் 1799 ஜனவரி. முன்னது திப்புவுக்குக் கேடு செய்தது, பின்னது அவர் கைக்கே வரவில்லை. இரண்டையும் மாற்றி எழுதினால் திருத்துபவர் அந்தப் பத்தி முழுவதையும் சந்தேகிப்பார், தேதியோடு படியுங்கள்.